திமிங்கிலமும் வலைக்கயிறும்

தம்புள்ளையிலிருந்து எழுதுவோர் குகைக் கோயிலைப் பற்றி எழுதலாம். குளங்களைப் பற்றி எழுதலாம். வெங்காயச் செய்கையைப் பற்றியும் எழுதலாம். கடலைக் காண வேண்டின் திருகோணமலை வீதியில் ஏறத்தாழ 110 கிலோமீற்றர் செல்ல வேண்டிய ஓர் ஊரில் இருந்துகொண்டு திமிங்கிலத்தைப் பற்றி எழுதப் புகுந்தமை வாசகர்க்கு வியப்பளித்தல் கூடும். விழா மலர்க் குழுவினர்க்கும் அவ்வியப்பு உண்டாயிற்று. ஆதலின் காரணத்தை முதற்கண் கூறிவிடுதல் முறையாகும்.

சில திங்களுக்கு முன்னர் ஊரிலே சூரை மீன் வாங்கச் சென்றிருந்தோம். மீன் எங்கிருந்து வந்தது என்று வினவினோம். திருகோணமலை என்றார் வணிகர். எந்த வலையிற் பிடித்தது என்று அடுத்து வினவினோம். அவர் நகைத்துவிட்டு, "மீன் எந்த ஊர் என்று கேட்பாங்க, விலை என்ன என்று கேட்பாங்க. எந்த வலை என்று கேட்டவர் நீங்க ஒருத்தர்தான் ஐயா" என்றார். அவர் கூறியது உண்மை. உண்ணும் மீனை நாம் அறிவோம். அதனைப் பிடித்த வலையை அறியோம். அவ்வலையில் மீனோடு வேறு எவை அகப்பட்டன என்பதையும் அறியோம். அவ்வறியாமையே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய்.

நம் கடலில் திமிங்கிலம்

திமி என்பது ஒரு பெருமீன். அதனையும் விழுங்குவது திமிங்கிலம் என்பது இப்பெயரின் பொருள். பெயர் மீனோடு சார்த்தப்பட்டிருப்பினும் இவ்வுயிர் மீனன்று. நுரையீரலால் மூச்சு வாங்குவது. குட்டி ஈன்று பாலூட்டுவது. இதன் சிறிய இனத்ததாகிய ஓங்கிலும் அத்தகையதே. மாணவர் இதனை மனத்திற் பதித்துக்கொள்ளுதல் வேண்டும். பின்னர்க் கூறப்போகும் துன்பங்கள் யாவும் இவ்வுயிர் மூச்சுக்காக நீர்மட்டத்துக்கு வந்தே தீரவேண்டும் என்பதிலிருந்து பிறப்பன.

திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்துக் கடலடியில் ஆழ்ந்ததொரு பள்ளத்தாக்கு உண்டு. சுவாமி மலையிலே கோணேசர் கோயிலின் அருகில் நின்று கிழக்கே நோக்குவார்க்கு அண்மையிலேயே கடல் மிக ஆழமாகிவிடுகின்றது. அதனால், நடுக்கடலில் மட்டும் காணத்தக்க நீலத் திமிங்கிலமும், கணவாயை நாடி ஒரு கிலோமீற்றருக்கு மேலும் முக்குளிக்க வல்ல எண்ணெய்த் திமிங்கிலமும் இங்கே கரைக்கு அணித்தாக வருகின்றன. 1982 முதல் 1984 வரை 'டியூலிப்' என்னும் சிறிய ஆய்வுக்கலம் இந்து சமுத்திரத்தில் உலாவித் திருகோணமலைக் கடலில் இவ்வுயிர்களை ஆராய்ந்தது. அதன் பின்னரே உலகத்தார் இக்கடலின் சிறப்பை உணரத் தலைப்பட்டனர். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், 1979-ம் ஆண்டில், சர்வதேசத் திமிங்கில வேட்டை ஆணைக்குழு இந்து சமுத்திரத்தைத் திமிங்கிலங்களின் புகலிடமாக அறிவித்திருந்தது.

ஏனைய கடல்களின் பெருந்திமிங்கிலங்கள் பலவும் இரை தேடித் துருவக் கடலுக்குச் செல்வன. வட இந்து சமுத்திரத்து நீலத் திமிங்கிலங்களோ ஆண்டு முழுதும் வெப்பக் கடலிலேயே வாழ்கின்றன. இக்கடலிற் பிறந்து, இக்கடலில் இரை தேடி, இக்கடலிலேயே இறக்கும் உயிருக்கு இக்கடலில் விரிக்கப்படும் வலை எல்லாப் பருவத்திலும் இடராகும்.

புகலிடமென்று அறிவித்தமையால் ஈட்டிக்குத் தப்பிய உயிர், வலைக்குத் தப்பவில்லை. ஓமான் நாட்டுக் கரையோரம் வாழும் கூன்முதுகுத் திமிங்கிலங்கள் நூற்றுக்கும் குறைந்தனவாகவே மதிப்பிடப்படுகின்றன. அவற்றுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கின் உடலில், முன்னொரு காலத்தில் வலையிலோ கயிற்றிலோ சிக்கியமைக்கான வடுக்களை ஆய்வாளர் கண்டனர். 2017-ம் ஆண்டின் இறுதியில், செய்மதிக் கருவி பொருத்தப்பட்ட 'லுபான்' என்னும் பெண் திமிங்கிலம் ஓமானிலிருந்து அரபிக் கடலைக் கடந்து இந்திய மேற்குக் கரையை அடைந்து, மன்னார் வளைகுடா வரை வந்து மீண்டது. லுபான் என்பது அரபு மொழியிற் குந்துருக்கத்தைக் குறிக்கும் சொல். அத்துணைத் தூரம் எத்தனை நாட்டவரின் வலைகளை விலகிச் சென்றிருத்தல் வேண்டும் என்பதை வாசகர் எண்ணிப் பார்ப்பாராக.

வலை கொல்லும் வகை

செவுள்வலை இன்னதென்று அறியக் கடலுக்குச் செல்லவேண்டியதில்லை. நம் கண்டலம வாவியிலே திலாப்பியா பிடிப்போர் மாலையில் விரித்துக் காலையில் இழுக்கும் வலையும் செவுள்வலையே. மேற்கயிற்றில் மிதவைகளும் கீழ்க்கயிற்றில் ஈயக் குண்டுகளும் கட்டப்பட்டு, வலை நீரில் ஒரு மதில்போல் நிற்கும். கண்ணிற் படாத நூலினூடு மீன் தலையை நுழைக்கும். முன்னேற உடல் இடங்கொடாது. பின்வாங்கச் செவுள் இடங்கொடாது. கண்ணியின் அளவை நிருணயித்தால் சிறு மீனைத் தப்பவிடலாம். ஆயின், எந்தக் கண்ணி அளவும் பெரிய உயிரைத் தப்பவிடுவதில்லை. வாவியில் அத்தகைய பெரிய உயிர் இல்லாமையால் இக்குறை நமக்குத் தோன்றுவதில்லை; கடலிலேதான் அது தோன்றுகின்றது.

முற்காலத்து வலைகள் பருத்தி நூலாலும் சணலாலும் ஆனவை. வெயிலிலும் உப்பு நீரிலும் அவை இற்றுப்போகும். பெரிய உயிர் மோதினால் அறுந்துபோகும். இந்நாட்டில் இயந்திரப் படகும் நைலோன் வலையும் பரவத் தொடங்கியபின் அந்நிலை மாறிற்று. நைலோன் இற்றுப்போவதில்லை, எளிதில் அறுவதுமில்லை. தங்கூசி வலையோ நீரில் கண்ணுக்கே புலப்படுவதில்லை. சூரை முதலிய மீன்களுக்காக ஆழ்கடலில் இரவெல்லாம் மிதக்கவிடப்படும் செவுள்வலைகள் பல கிலோமீற்றர் நீளமுடையனவாயின. மீனவர்க்கு வரமாக வந்த உறுதியே திமிங்கிலத்துக்குத் தளையாயிற்று.

சிக்கிய உயிர் இருவகையாக மாளும். ஓங்கில் போன்ற சிறிய உயிர் மேலெழ இயலாது, வலையிலேயே மூச்சு முட்டி இறக்கும். பெருந்திமிங்கிலமோ வலையையும் கயிற்றையும் பிய்த்துக்கொண்டு நீந்திச் செல்லும். பார்ப்பவர்க்கு அது தப்பியதுபோலத் தோன்றும். வாயிலும் துடுப்பிலும் வாலிலும் சுற்றிய கயிறு நாளடைவில் தசையை அறுத்து எலும்பு வரை இறங்கும். இழுத்துச் செல்லும் பாரத்தால் உடல் மெலியும். இரை தேடல் அரிதாகும். இவ்வாறு திங்கட்கணக்கில் நலிந்து இறப்பனவும் உள. வேட்டைக்காரனின் ஈட்டியும் இத்துணை நீண்ட துன்பத்தைத் தந்ததில்லை.

இதன் அளவும் அறியத்தக்கது. உலகக் கடல்களில் மீன்பிடிச் சாதனங்களிற் சிக்கி மாளும் திமிங்கிலங்களும் ஓங்கில்களும் ஆண்டுக்கு 3 இலட்சத்துக்குக் குறையா என்பது பரவலாக ஏற்கப்பட்ட மதிப்பீடு. இந்து சமுத்திரத்திற் சூரை இன மீன்களுக்கான செவுள்வலைகளில் மட்டும் 1950 முதல் 2018 வரை ஏறத்தாழ 41 இலட்சம் சிறு திமிங்கில இனங்களும் ஓங்கில்களும் அகப்பட்டிருக்கலாம் என்று 2020-ம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்று கணித்தது. 2004 முதல் 2006 வரை இத்தொகை ஆண்டுக்கு ஓர் இலட்சத்தை அணுகிற்றென்றும், பின்னர்ச் சற்றுக் குறைந்து 80,000 அளவில் நின்றதென்றும் அவ்வாய்வு கூறும்.

விடுவித்தலின் எல்லை

சிக்கியதை விடுவித்தலே அறமன்றோ என்று மாணவர் வினவுவர். அறமே. கனடாவின் நியூபவுண்ட்லாந்துத் தீவிலே யோன் லீன் என்னும் பேராசிரியர் 1970-களின் இறுதியில் இப்பணியைத் தொடங்கி, நூற்றுக்கணக்கான திமிங்கிலங்களை விடுவித்தார். அவரை அழைத்தவர்கள் மீனவர்களே என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. திமிங்கிலத்தை உயிரோடும் வலையை இயன்றவரை பழுதின்றியும் மீட்டுக் கொடுத்தமையால் அவர்கள் அவரை நம்பினர்.

இக்கலை இன்று செம்மையுற்றுள்ளது. திமிங்கிலம் இழுத்துச் செல்லும் கயிற்றில் பெரிய மிதவைகளைப் பிணைத்து அதன் வேகத்தைக் குறைத்து, அது களைத்தபின் நீண்ட கோலின் நுனியிற் பொருத்திய கொக்கிக் கத்தியால், படகிலிருந்தபடியே கயிற்றை அறுப்பர். பயிற்சி பெற்றவர்க்கும் இது உயிரைப் பணயம் வைக்கும் தொழில். 2017 யூலையில், கனடாக் கடலிலே சிக்கியிருந்த ஒரு திமிங்கிலத்தை அறுத்து விடுவித்த கணத்திலேயே, அதன் வாலடியால் யோ ஹவ்லெற் என்னும் மீனவர் உயிர் துறந்தார். அவர் பல ஆண்டு அநுபவம் உடையவர்.

அன்றியும், விடுவிக்கப்படுவன கண்ணிற் பட்டவை மட்டுமே. வட அத்திலாந்திக்கில் எஞ்சியுள்ள 'ரைற்' திமிங்கிலங்கள் 400-க்கும் குறைந்தவை. 1980 முதல் 2009 வரை எடுக்கப்பட்ட நிழற்படங்களை ஆராய்ந்தபோது, அவற்றுள் நூற்றுக்கு 83 ஒருமுறையேனும் கயிற்றிற் சிக்கியவை என்று தெரியவந்தது. அவற்றுட் பெரும்பாலானவற்றின் துன்பத்தை எவரும் நேரிற் காணவில்லை. பின்னர் வடுக்களையே கண்டனர். ஆகவே, விடுவித்தல் வேண்டுவதே எனினும் போதுமானதன்று.

வருமுன் காத்தல்

சிக்காமற் காக்கும் வழிகள் பல. அவற்றுள் நம் கடலுக்கு ஏற்றவற்றை ஈண்டு ஆராய்வோம்.

முதலாவது, வலையைச் சற்றுத் தாழ்த்துதல். பாகிஸ்தான் மீனவர் 2013 முதல் 2017 வரை உலக வனவிலங்கு நிதியத்தின் துணையோடு ஒரு சோதனை செய்தனர். சில வலைகளை வழக்கம்போல நீர்மட்டத்திலும், ஏனையவற்றை நீர்மட்டத்துக்கு 2 மீற்றர் கீழும் விரித்தனர். கணக்கெழுதியவர்கள் அப்படகுகளின் மாலுமிகளே. தாழ்த்திய வலைகளில் ஓங்கில் முதலியன அகப்படுதல் நாலில் மூன்று பங்குக்கு மேற் குறைந்தது. மிதவைக்கும் மேற்கயிற்றுக்கும் இடையிலுள்ள கயிற்றை நீட்டுதலே இதற்கு வேண்டும் மாற்றம். புதிய வலை வாங்கவேண்டியதில்லை. நீர்மட்டத்தை ஒட்டி நீந்தும் மீன் சில தப்பும் என்பதையும் மறைத்தல் கூடாது. இந்து சமுத்திரச் சூரை ஆணைக்குழு 2023-க்குள் செவுள்வலைகளை 2 மீற்றர் தாழ்த்தி விரிக்குமாறு உறுப்பு நாடுகளைப் பணித்தது. இலங்கையும் அவ்வாணைக்குழுவின் உறுப்பினரே.

இரண்டாவது, நீளத்தைக் கட்டுப்படுத்துதல். 2.5 கிலோமீற்றருக்கு மேற்பட்ட மிதவை வலைகளைப் பொதுக்கடலில் நிறுத்துமாறு ஐக்கிய நாடுகள் சபை விடுத்த வேண்டுகோள் 1992-ம் ஆண்டின் இறுதியில் நடைமுறைக்கு வந்தது. சூரை ஆணைக்குழு 2022 சனவரி முதல் நாடுகளின் சொந்தக் கடலெல்லைக்குள்ளும் இத்தடையை விரித்தது. தடை தாளிற் கிடந்தால் பயனில்லை. துறைமுகத்திலே வலையை அளப்பவர் இருந்தாலன்றி அது கடலுக்குச் செல்லாது.

மூன்றாவது, கயிற்றின் வலிமையைக் குறைத்தல். வட அமெரிக்காவிற் சிங்கி இறால் பிடிக்கும் கூடுகளின் கயிறுகளே திமிங்கிலங்களுக்குப் பெரும் பகை. 1,700 இறாத்தல், அஃதாவது ஏறத்தாழ 770 கிலோகிராம், இழுவிசையில் அறுந்துவிடும் கயிற்றைப் பயன்படுத்தினால் உயிருக்கு இறுதி தரும் சிக்கல்கள் பெரிதும் குறையும் என்று ஆய்வாளர் கண்டனர். மனிதன் இழுக்கப் போதிய வலிமையும், திமிங்கிலம் முறுக்கினால் அறும் மென்மையும் ஒருங்கே உடைய கயிறு அது. கடலடியிற் கிடக்கும் கூட்டின் மிதவையை ஒலிச் சமிக்ஞையால் வேண்டும்போது மட்டும் மேலெழச் செய்து, நிற்கும் கயிற்றையே நீக்கிவிடும் முறையும் இப்போது வந்துள்ளது. ஆயின் அதன் விலை நம் மீனவர்க்கு எட்டாதது. வலையில் ஒலிக்கருவி கட்டி ஓங்கில்களை விலக்கும் முறை சில இனங்களுக்குப் பயன்பட்டது. பெருந்திமிங்கிலங்களுக்கு அத்துணை உறுதியான பயன் காணப்படவில்லை.

நான்காவது, சாதனத்தையே மாற்றுதல். இதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்லவேண்டியதில்லை. நம் அடுக்களையிலேயே உண்டு. சம்பலுக்கு இடிக்கும் மாசி மாலைதீவிலிருந்து நம் நாட்டுக்குத் தலைமுறை தலைமுறையாக வருவது. மாலைதீவார் சூரையை வலையாற் பிடிப்பதில்லை. உயிருள்ள சிறு மீனைத் தூவிச் சூரைக் கூட்டத்தை வரவழைத்து, கம்பும் தூண்டிலும் கொண்டு ஒவ்வொன்றாக எற்றி எடுப்பர். இரை மீன் பிடிப்பதற்கன்றி வலையை அவர்தம் சட்டமும் தடுத்துள்ளது. அங்கே திமிங்கிலம் சிக்குவதற்கு வலையே இல்லை. 2012-ம் ஆண்டில் அவர்தம் சூரைத் தொழில் உலகச் சான்றிதழ் பெற்றது. அதனால் அம்மீனுக்கு மேலைநாட்டுச் சந்தையில் மதிப்பும் கூடிற்று. பழைய முறை பிற்பட்ட முறை என்று எண்ணுவார்க்கு இஃது ஒரு பாடம்.

மீனவர் பக்கம்

திமிங்கிலத்துக்காக வழக்காடுவோர் மீனவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துதல் பெரும்பிழை. எந்த மீனவரும் திமிங்கிலத்துக்கு வலை விரிப்பதில்லை. அது புகுந்தால் கடன்பட்டு வாங்கிய வலை ஒரே இரவில் நாசமாகும். பெருமீன் ஒன்று வலைகளைக் கிழித்துப் பரதவரை வருத்திய கதையைத் திருவிளையாடற் புராணத்து வலைவீசின படலத்தில் அறிவோம். அங்கே இறைவனே வலைஞனாய் வந்து மீனவர் துயர் தீர்த்தான். இன்றோ கிழிந்த வலைக்கு ஈடு தருவார் இலர். அன்றியும், இவ்வுயிர்கள் சட்டத்தாற் காக்கப்பட்டவை ஆதலின், தற்செயலாக அகப்பட்டதைக் கூறினும் தண்டனை நேருமோ என்று மீனவர் அஞ்சுவர். அஞ்சியவர் பிணத்தைக் கடலில் விட்டு வாய் மூடி இருப்பர். கணக்கில்லாத இடத்தில் தீர்வும் இல்லை. எனவே, உண்மை கூறும் மீனவர்க்குத் தீங்கு நேராது என்னும் உறுதியை அரசு அளித்தலே முதற்படியாகும்.

வணிகமும் இப்பக்கமே திரும்பியுள்ளது. பொதுக்கடலில் நம் படகுகளை நெறிப்படுத்தத் தவறியமைக்காக ஐரோப்பிய ஒன்றியம் 2015 சனவரி முதல் 2016 யூன் வரை இலங்கை மீனை வாங்க மறுத்தது. அத்தடை திமிங்கிலத்தின் பொருட்டு எழுந்ததன்று; எனினும் கடற்சட்டத்தைப் புறக்கணித்தால் ஏற்றுமதி எங்ஙனம் வீழும் என்பதைக் காட்டிற்று. அமெரிக்காவோ கடற்பாலூட்டிகளைத் தன் தரத்துக்கு இணையாகக் காவாத மீன்பிடித் தொழில்களின் மீனை 2026 சனவரி முதல் ஏற்பதில்லை என்று விதித்துள்ளது. வலையைத் தாழ்த்தும் 2 மீற்றர் கயிறு திமிங்கிலத்தின் உயிரை மட்டுமன்றி, மீனவர் பிள்ளைகளின் உணவையும் காப்பதாகும்.

நாம் செய்யத்தக்கது

உள்நாட்டில் வாழும் நமக்கு இதில் யாது பங்கு? பங்கு உண்டு. வலையின் ஒரு தலைப்பைக் கடலிலே மீனவர் பற்றியிருக்கிறார். மறு தலைப்பைச் சந்தையிலே நாம் பற்றியிருக்கிறோம். வாங்குவோர் வினவாத ஒன்றை விற்போர் அறிய முயலார். தூண்டிலிற் பிடித்த மீனுக்குச் சில ரூபா கூடுதலாகக் கொடுக்க நாம் உடன்பட்டால், அச்செய்தி லொறியேறித் துறைக்குச் செல்லும்.

மாணவர்க்கு ஒரு சொல். சுற்றுலாவிலோ வேறெவ்வகையிலோ கயிற்றிற் சிக்கிய திமிங்கிலத்தைக் கண்டால் நீரிற் குதித்தல் கூடாது. பின்னே இழுபடும் கயிற்றை அறுத்தலும் கூடாது. பயிற்சி பெற்றோர் வந்து பற்றுவதற்கு அக்கயிறே கைப்பிடி. இடத்தையும் நேரத்தையும் குறித்து, தொலைவில் நின்று படமெடுத்து, கடற்படைக்கும் வனசீவராசிகள் திணைக்களத்துக்கும் உடனே அறிவித்தல் வேண்டும். கல்லூரியில் விலங்கியல் பயில்வோர் திருகோணமலைக்குச் செல்லும்போது கோயிலையும் துறைமுகத்தையும் கண்டு மீளாது, மீன் இறங்குதுறையில் ஒரு நாழிகை நின்று வலைகளையும் அவற்றின் மிதவைக் கயிறுகளையும் பார்த்து, மீனவர் கூறுவதைக் கேட்டு எழுதிவருவாராயின் அது நல்லதோர் ஆய்வாகும்.

நாகபட்டினத்து நுளைப்பாடியில் வாழ்ந்த அதிபத்த நாயனார் நாள்தோறும் தாம் பெற்ற மீன்களுள் ஒன்றை இறைவனுக்கென்று கடலிலேயே விட்டுவந்தார். ஒன்றே கிடைத்த நாளிலும் அதனை விட்டார். கடலிலிருந்து எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுதல் தகாது என்பதை அறிந்த மீனவர் நம் மரபிலேயே இருந்தார் என்பது நமக்குப் பெருமை. அப்பெருமை படிப்பதோடு நின்றுவிடலாகாது.

சென்ற கிழமை மீண்டும் அம்மீன் கடைக்குச் சென்றோம். வணிகர் எம்மைக் கண்டதும், "நீங்க கேட்டதை லொறிக்காரரிடம் கேட்டுப் பார்த்தேன் ஐயா. அவருக்கும் தெரியாது. துறையில விசாரித்து வருகிறேன் என்று சொன்னார்" என்றார். விடை இன்னும் வரவில்லை. எனினும் வினா தம்புள்ளையைக் கடந்து கடலை நோக்கிச் செல்லத் தொடங்கிவிட்டது. அதனோடு தத்தம் ஊர்ச் சந்தையிலிருந்து ஒவ்வொரு வினாவை அனுப்பிவைக்குமாறு நம் பழைய மாணவர் யாவரையும் வேண்டுகின்றோம்.